டாவி செய்த காலில் வைத்த ஸ்டென்ட் எத்தனை வருஷம் தாங்கும்?

#1 கொங்குமகள்

வணக்கம். அப்பாவுக்கு 74 வயது. பெருந்தமனி வால்வு சுருங்கிவிட்டது என்று போன வருஷம் ஆடி மாதம் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டாவி செய்தோம். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாக வால்வை ஏற்றினார்கள். வால்வில் ஒரு குறையும் இல்லை. எக்கோ எடுக்கும்போதெல்லாம் "பிரமாதம்" என்கிறார்கள்.

என் கவலை கால்தான். வால்வை வைத்து முடித்து, அந்தப் பெரிய குழாயை உருவியபோது தையல் பிடிக்கவில்லையாம், ரத்தம் நிற்கவில்லையாம். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், "சின்ன டியர் (கிழிசல்), ஸ்டென்ட் வைத்துச் சரி பண்ணிட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரே வரி: வலது தொடைத் தமனியில் கவர்ட் ஸ்டென்ட், 8க்கு 50. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. நாங்களும் வால்வு வேலை செய்கிற சந்தோஷத்தில் கேட்கவில்லை.

14 மாதம் ஓடிவிட்டது. இப்போது காலை நடையில் பத்து நிமிஷம் போனதும் கால் வலிக்கிறது என்று தேர்முட்டியில் உட்கார்ந்துவிடுகிறார். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி வலி.

ஸ்டென்ட் அடைக்கிறதா? இந்த ஸ்டென்ட் பொதுவாக எத்தனை வருஷம் வரும்? தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா, இந்தியன் டாய்லெட்டில் குந்தலாமா? கூகுளில் தேடினால் இதய ஸ்டென்ட் பற்றித்தான் வருகிறது.

#2 கேத்லேப்காரன்

சென்னையில் 11 வருஷமாக கேத் லேப் (ரத்தநாளம் வழியாகக் குழாய் விட்டுச் சிகிச்சை செய்கிற அறை) டெக்னீஷியன். டாக்டர் இல்லை, மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன், பயம் பாதி குறையும். வால்வு போகிற உறையின் (நீங்கள் சொன்ன அந்தப் பெரிய குழாய்) அளவை பிரெஞ்சு என்ற கணக்கில் சொல்வோம். மூன்று பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர். முதல் தலைமுறை வால்வுகளுக்கு 22, 24 பிரெஞ்சு உறை, அதாவது உள்விட்டமே 8 மி.மீ. வரை. இப்போது பெரும்பாலும் 14, பெரிய வால்வுக்கு 16. 14 என்றால் உள்விட்டம் 4.7 மி.மீ. வெளிவிட்டம் அதைவிடக் கூடுதல், வால்வு கடக்கிற நேரத்தில் உறை இன்னும் விரிந்து கொடுக்கும். தமனியோ பலருக்கு ஆறு, ஏழு மில்லிமீட்டர்தான். உறையின் வெளிவிட்டம் தமனியின் விட்டத்தை விட 1.05 மடங்குக்கு மேல் போனால் கிழிசல் அதிகம் என்று 2011-லேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் சுண்ணாம்பு படிந்த தமனியாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

உறையை எடுத்ததும் ஓட்டையை மூட முன்கூட்டியே போட்டு வைத்த நூல்களை இறுக்குவோம். சில இடங்களில் கொலாஜன் அடைப்பான் வைப்பார்கள். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஜெர்மனியில் 516 பேரிடம் பார்த்த ஆய்வில், குத்திய இடத்துச் சிக்கல் அடைப்பானில் 19.4 சதவீதம், நூலில் 12 சதவீதம். சின்னச் சின்ன ரத்தக்கட்டையும் சேர்த்த எண்ணிக்கை இது, எல்லாருக்கும் பெரிய கிழிசல் என்று நினைக்காதீர்கள். நூல் சறுக்கினால் அடுத்த காலிலிருந்தோ கையிலிருந்தோ ஒரு பலூனைக் கொண்டுபோய் மேலே ஊதி ரத்தத்தை நிறுத்துவோம். குழாய்த் தண்ணீரை மேல் வால்வில் மூடிவிட்டுக் கீழே பழுது பார்க்கிற மாதிரி. அப்புறம் துணி போர்த்திய மாதிரி ஒரு ஸ்டென்ட்: நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலவைக் கம்பி வலை, அதன் மேல் டெஃப்லான் வகைச் சவ்வு. ஓட்டை உள்பக்கமிருந்து மூடிவிடும். 8க்கு 50 என்றால் 8 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம்.

இப்போது நீங்கள் எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். வலிக்கிற கால் எது? ஸ்டென்ட் சரியாக எந்த மட்டத்தில் இருக்கிறது, கடைசிப் படம் பதிந்த டிஸ்க் கையில் இருக்கிறதா? டாவிக்கு முன் ரத்தநாளங்களைப் பார்க்க எடுத்த சிடி ஸ்கேன் (சிடி ஆஞ்சியோ) ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறதா?

#3 பில்பார்ப்பவன்

இந்தச் சின்ன டியருக்கு பில்லில் எவ்வளவு போட்டார்கள் என்று முதலில் பாருங்கள் சகோதரி. என் மாமனாருக்கும் இதே கதை. வால்வுக்கு ஒரு பேக்கேஜ் பேசி, கடைசி நாள் "எதிர்பாராத ஸ்டென்ட்" என்று தனியாக ஒரு தொகை. இதய ஸ்டென்டுக்குத்தான் 2017-இல் மத்திய அரசு விலை வரம்பு கொண்டுவந்தது. கால் ஸ்டென்ட் அந்தப் பட்டியலில் இல்லை, போட்டதுதான் விலை. அவர்கள் கிழித்ததை அவர்களே ஒட்டிவிட்டு நம்மிடம் காசு கேட்கிறார்கள்.

#4 நாளமருத்துவர்

ரத்தநாள அறுவை மருத்துவராக மதுரைப் பக்கம் பணி செய்து ஓய்வு பெற்றவன். பில் விஷயத்தில் பில்பார்ப்பவன் தம்பியின் கோபம் நியாயமானது, அதைத் தனியாகப் பேசுவோம்.

அம்மா, "தொடைத் தமனி" என்று எழுதியிருப்பது எனக்குப் போதவில்லை. இடுப்புக்குள் ஓடுகிற தமனி கவட்டிலுள்ள தசைநாருக்குக் கீழே வந்ததும் பொதுத் தொடைத் தமனி என்று பெயர் மாறுகிறது. நாலைந்து சென்டிமீட்டர் ஓடி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முழங்காலுக்குக் கீழே போகும். மற்றது ஆழ்தொடைத் தமனி. பின்னால் எந்தத் தமனி அடைத்தாலும் காலைக் காப்பாற்றுவது இந்த ஆழ்தமனியிலிருந்து வரும் கிளைகள்தான். அதனால் எங்கள் தலைமுறை அறுவை மருத்துவர்கள் அந்த நாலு சென்டிமீட்டரை ஸ்டென்ட் வைக்கக் கூடாத இடமாகவே வைத்திருந்தோம். காரணம் மூன்று. இடுப்பு மடங்கும்போதெல்லாம் அங்கே வளையும், கம்பி ஒடியலாம். போர்த்திய ஸ்டென்ட் கொஞ்சம் கீழே இறங்கினால் ஆழ்தமனியின் வாயை மூடிவிடும். அப்புறம், அதே இடத்தில் மறுபடி ஊசி குத்த வேண்டி வந்தால் கஷ்டம்.

அந்தப் பிடிவாதம் இப்போது தளர்ந்திருக்கிறது. பிரான்சில் 117 பேரிடம் நடந்த டெக்கோ ஆய்வு, 2017-இல் வெளிவந்தது. பொதுத் தொடைத் தமனி அடைப்புக்கு அறுவையா ஸ்டென்டா என்று சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். முதல் மாதத்துச் சிக்கல்கள் அறுவையில் 26 சதவீதம், ஸ்டென்டில் 12.5. இரண்டு வருஷத்தில் தமனி திறந்திருப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் அறுவைக்காரன், எனக்கே அது கொஞ்சம் உறைத்தது. ஆனால் அது கொழுப்பு அடைத்த தமனிக்கு வைத்த ஸ்டென்ட். உங்கள் அப்பாவுக்கு வைத்தது ரத்தத்தை நிறுத்த. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது. ஒரு விதத்தில் உங்கள் நிலை மேல்: கிழிந்த இடம் பெரும்பாலும் உள்ளே அகலமாகவே இருக்கும், ரத்தம் வேகமாக ஓடும், அப்படிப்பட்ட ஸ்டென்ட் எளிதில் அடைக்காது.

எனவே படத்தைப் பாருங்கள். கவட்டுத் தசைநாருக்கு மேலா கீழா, கீழ் முனை பிரிவுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில் இருக்கிறது.

#5 கொங்குமகள்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. எந்தக் கால் என்று கேட்டீர்கள். வலதுதான் என்று எழுத வந்தேன், சந்தேகம் வந்து அப்பாவிடம் கேட்டேன். "கால்னா கால்தான், ரெண்டும் என்னோடதுதானே" என்கிறார். நாளை நடையில் கூடப் போய்ப் பார்க்கிறேன். பழைய ஃபைல் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது.

#6 தேம்ஸ்கரை

நான் இங்கிலாந்தில் இதய வார்டில் தாதியாக இருக்கிறேன், சொந்த ஊர் வடமராட்சி. அம்மாவுக்கும் டாவி செய்தது. அவவுக்குக் கால் பிரச்சினை வரவில்லை. ஆனால் வார்டில் இப்படி ஸ்டென்டோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி கேட்ட "எத்தனை வருஷம்" என்ற கேள்வி லேசானது போலத் தெரியும். அதற்குப் பதில் கிடைக்காததற்கு ஒரு காரணம் இருக்கு. 2002-ஆம் ஆண்டு ஏப்ரலில் ரூவான் நகரத்தில் அலேன் கிரிபியே முதல் வால்வை வைத்தபோதும், அதற்குப் பின் பல வருஷமும், அறுவை தாங்கமாட்டார்கள் என்று கைவிட்டவர்களுக்குத்தான் இந்தச் சிகிச்சை. டாவியைச் சோதித்த பார்ட்னர் என்ற ஆய்வில், அப்படிப்பட்டவர்களின் பிரிவில் சராசரி வயது 83. வால்வு வைத்த குழுவில் ஒரு மாதத்துக்குள் பெரிய ரத்தநாளச் சிக்கல் 16 சதவீதம் பேருக்கு. ஐந்து வருஷ முடிவில் அந்தக் குழுவில் இறந்தவர்கள் 71.8 சதவீதம். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 93.6 என்பதால் அது பெரிய வெற்றிதான். ஆனால் காலைப் பற்றி யோசியுங்கோ. கிட்டத்தட்ட நாலில் மூன்று பேர் ஐந்து வருஷத்தில் போய்விட்டார்கள் என்றால் கால் ஸ்டென்ட் ஏழாம் வருஷத்தில் எப்படி இருக்கும் என்று யாரிடம் பார்ப்பது? ஸ்டென்ட் ஆளை விட நீண்ட நாள் இருந்துவிட்டது, அதுதான் உண்மை.

வெளிவந்த தொகுப்புகள் பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரியின் சின்னத் தொகுப்புகள். ஒன்றிரண்டு வருஷத்தில் பெரும்பான்மையான ஸ்டென்ட் திறந்தே இருக்கு, கால் வலியோடு திரும்பி வருகிறவர்கள் குறைவு என்பதுதான் பொதுவான செய்தி. அதை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேணும். 85 வயதில் நாளுக்கு நூறு அடி நடக்கிற ஒருவருக்குத் தமனி பாதி அடைத்தாலும் வலி வராது. வலி இல்லை என்பதும் ஸ்டென்ட் நல்லா இருக்கு என்பதும் ஒன்றல்ல.

இப்ப ஆட்கள் மாறிவிட்டார்கள். 2019-இல் வந்த பார்ட்னர் 3-இல் சராசரி வயது 73. பெரிய ரத்தநாளச் சிக்கல் 2.2 சதவீதமாக இறங்கிவிட்டது. ஐரோப்பிய வழிகாட்டுதல் 2021-இல் 75 வயதிலிருந்து டாவி என்றது, 2025-இல் 70-க்கு இறக்கிவிட்டது. சிக்கல் குறைவு, ஆனால் சிக்கல் வந்தவர் அதோடு இருபது வருஷம் கூட வாழலாம். உங்கட அப்பா அந்த இரண்டாவது கூட்டம். பழைய முடிவுகளைக் காட்டி யாராவது "பயப்படாதேங்கோ" என்றால் நான் அரைவாசிதான் நம்புவேன்.

#7 பில்பார்ப்பவன்

ஆக, தெரியாமலே வைக்கிறார்கள். இதைத்தான் நானும் சொல்கிறேன். தெரியாத ஒன்றை வைத்துவிட்டு "சின்ன டியர்" என்கிறார்கள். நாலு சென்டிமீட்டர் வெட்டித் தைத்திருந்தால் ஆயுசுக்கும் நின்றிருக்கும் அல்லவா?

#8 நாளமருத்துவர்

தம்பி, அந்த நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். 74 வயது ஆள், வால்வு வைத்து ஐந்து நிமிஷம், ரத்தம் ஓடுகிறது, ரத்தம் உறையவிடாத ஹெபாரின் மருந்து உடம்பில் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவனை வேறு தியேட்டரிலிருந்து கூப்பிட்டு, மயக்கம் கொடுத்து, கவட்டைத் திறந்து தைக்க வேண்டும். தைத்தால் நன்றாக நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவட்டுப் புண் சீழ் பிடிப்பது, நிணநீர் வாரக்கணக்கில் ஒழுகுவது, படுக்கையிலேயே பத்து நாள் கிடப்பது எல்லாம் அந்த வயதில் சின்ன விஷயமில்லை. இருபது நிமிஷத்தில் ஸ்டென்டால் ரத்தம் நின்றது என்றால் அது சரியான முடிவாகவே இருந்திருக்கலாம்.

நான் கோபப்படுவது அடுத்த நாளுக்கு. வைத்ததில் தப்பில்லை, சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு. எந்த இடம், எந்த மாத்திரை எத்தனை மாதம், எப்போது டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்) என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வால்வை வைத்தவர் இதய மருத்துவர், அவருக்கு எக்கோதான் தேர்வு முடிவு. கால் என்னைப் போன்றவர்களின் துறை, எங்களிடம் அவரை யாரும் அனுப்புவதே இல்லை. இரண்டு துறைக்கும் நடுவில் அந்த எட்டு மில்லிமீட்டர் அநாதையாகக் கிடக்கிறது.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. டாவிக்கு மட்டும் என்றால் இப்போது ஆஸ்பிரின் ஒன்றே போதும். 665 பேரிடம் செய்த பாப்புலர் டாவி ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் ரத்தக்கசிவு 15.1 சதவீதம், கூடவே குளோபிடோக்ரெல் (ரத்தம் கட்டாமல் தடுக்கிற இன்னொரு மாத்திரை) எடுத்தவர்களில் 26.6. காலில் ஸ்டென்ட் இருந்தால் மட்டும் ஒன்று முதல் மூன்று மாதம் இரண்டும் கொடுப்பது வழக்கம். வீட்டில் யாரும் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

#9 திண்ணைத்தாத்தா

இந்தத் திரியை என் பேரன் காட்டினான். எனக்கு 77. திருச்சி, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். 2019-இல் வால்வு. எனக்கும் கிழிந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். என்னுடையது கவட்டுக்கு மேலே, இடுப்புக்குள். வருஷம் ஒரு தடவை டாப்ளர். இதுவரை திறந்தே இருக்கிறது.

மகளே, குந்துவது பற்றிக் கேட்டாய். முதல் இரண்டு மாதம் என் மருத்துவர் குந்தவே கூடாது என்றார். காரணம் ஸ்டென்ட் இல்லை, புண் ஆறாதது. அப்புறம் வீட்டில் வெஸ்டர்ன் மாற்றிவிட்டோம். அது முழங்காலுக்காக, ஸ்டென்டுக்காக இல்லை. பந்தியில் சம்மணம் போட்டு உட்காருகிறேன், அரைமணிக்கு மேல் இல்லை. கவட்டு மடிப்பில் பெல்ட்டோ வேட்டி முடிச்சோ இறுக்கமாக இருந்தால்தான் பிடிக்கவில்லை. மாடிப்படி ஏறுகிறேன். டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டக் கூடாது என்று மகன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அதற்கும் ஸ்டென்டுக்கும் சம்பந்தமில்லை.

#10 கேத்லேப்காரன்

தாத்தா சொன்னது அழகு. ஒன்று சேர்க்கிறேன். வெளியான முடிவுகள் எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊர்களிலிருந்து வந்தவை. குந்தி உட்காரும்போது இடுப்பு மடங்குகிற கோணமே வேறு. கவட்டு மடிப்பிலேயே ஸ்டென்ட் இருப்பவர்களிடம் நீண்ட நேரம் குந்துவதைக் குறைக்கச் சொல்லும் மருத்துவர்கள்தான் எங்கள் லேபில் அதிகம். மேலே, இடுப்புக்குள் இருந்தால் அவ்வளவு கெடுபிடி இல்லை. வருஷம் ஒருமுறை காலை நீட்டி ஒன்று, மடக்கி ஒன்று எக்ஸ்ரே எடுத்தால் கம்பி ஒடிந்திருக்கிறதா என்று தெரியும். சல்லிசான டெஸ்ட், ஆனால் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "வலது கவட்டில் ஸ்டென்ட் இருக்கிறது" என்று முதலில் சொல்லுங்கள். அவசரத்துக்கு அங்கே ஊசி குத்திவிடுவார்கள், குத்தினால் சவ்வு கெடும். ஸ்டென்டோடு வந்த அட்டையை லேமினேட் பண்ணி பர்ஸில் வையுங்கள். எம்ஆர்ஐ எடுக்க வேண்டி வந்தாலும் அந்த அட்டையைத்தான் கேட்பார்கள். நிட்டினால் கம்பி என்பதால் பொதுவாகப் பிரச்சினை இருக்காது.

வலியில் ஒரு சின்னச் சோதனை: நின்றாலே வலி போகிறதா, உட்கார்ந்து குனிந்தால்தான் போகிறதா? நின்றாலே போனால் ரத்த ஓட்டம். குனிய வேண்டியிருந்தால் முதுகெலும்பு நரம்பாக இருக்கலாம்.

#11 கொங்குமகள்

இரண்டு வாரமாக வரமுடியவில்லை, மன்னிக்கவும். சொல்ல நிறைய இருக்கிறது.

நடையில் கூடப் போனேன். தேர்முட்டியில் உட்கார வேண்டாம், சும்மா நில்லுங்கள் என்றேன். நின்றதிலேயே இரண்டு நிமிஷத்தில் வலி போய்விட்டது. கையை வைத்துக் காட்டுங்கள் என்றதும் அவர் தொட்டது இடது கெண்டைக்கால். இடது! 14 மாதமாக நாங்கள் எல்லாரும் வலதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வலது தொடைக்குத்தான் அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டாப்ளரும் கணுக்கால் பிரஷரும் (கைப் பிரஷரோடு ஒப்பிட்ட விகிதம்) எடுத்தோம். வலது 0.98, இடது 0.68. வலது ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருக்கிறது, கீழ் முனை பிரிவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கிறது, ஆழ்தமனி சுத்தம். கீழ் முனையில் ரத்த வேகம் மட்டும் கொஞ்சம் கூட, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். எக்ஸ்ரேயில் கம்பி ஒடியவில்லை.

அண்ணன் வீட்டுப் பரணிலிருந்து பழைய சிடி ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. டாவிக்கு முன் எடுத்தது. மூன்றாம் பக்கத்தில், இடது இடுப்புத் தமனியில் 70 சதவீதச் சுருக்கம், சுண்ணாம்பு அதிகம் என்று அச்சடித்தே இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு வலது காலைத் தேர்ந்தெடுத்தார்களாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் டாவிக்கு முன் அப்பாவுக்குக் கால் வலித்ததே இல்லை, அது எப்படி?

#12 நாளமருத்துவர்

வலிக்கிற தூரம் வரை அவர் நடந்ததே இல்லை அம்மா. வால்வு சுருங்கியிருந்தபோது ஐந்து நிமிஷத்தில் மூச்சு வாங்கி நின்றிருப்பார். கால் தன் கணக்கைச் சொல்ல அவகாசமே கிடைத்திருக்காது. வால்வு சரியாகி மூச்சு திறந்ததும் பத்து நிமிஷம் நடக்கிறார், அப்போது கால் பேசுகிறது. வால்வு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

0.9-க்குக் கீழே என்றால் தமனி நோய். 0.68 நடுத்தரம். இரவில் படுத்திருக்கும்போது வலி, விரலில் புண், பாதம் சில்லிட்டு நிறம் மாறுவது, இவை எதுவும் இல்லை என்றால் அவசரமில்லை. திடீரென்று கால் வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால் மட்டும் எந்தக் காலாக இருந்தாலும் அந்த மணி நேரத்திலேயே ஓட வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை செத்துவிடும்.

இப்போதைக்கு ஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை), புகையிலை இருந்தால் முழுநிறுத்தம், முறையான நடை. வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, நாளுக்கு அரைமணி, வாரம் மூன்று நாளுக்குக் குறையாமல், மூன்று மாதம். அதில் போதவில்லை என்றால் இடது இடுப்புத் தமனிக்கு ஸ்டென்ட் யோசிக்கலாம். அந்த இடத்துக்கு நீண்ட நாள் முடிவுகள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் நடந்த கோபெஸ்ட் ஆய்வில் ஐந்து வருஷம் கழித்துப் போர்த்திய ஸ்டென்ட் 74.7 சதவீதமும் வெறும் கம்பி ஸ்டென்ட் 62.5 சதவீதமும் திறந்திருந்தன. இடுப்புக்குள் மடங்குகிற வேலை குறைவு, தமனியும் அகலம். தாத்தாவின் ஸ்டென்ட் இத்தனை வருஷம் நிற்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

#13 தேம்ஸ்கரை

எனக்கு இன்னொரு யோசனை ஓடுது. வலது கவட்டில் ஸ்டென்ட், இடது இடுப்பில் சுருக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வால்வு பழுதானால் எந்த வழியால் போவது? வால்வு சீக்கிரம் கெடும் என்று பயப்பட வேண்டியதில்லை. டென்மார்க், சுவீடனில் நடந்த நோஷன் ஆய்வில் பத்து வருஷத்தில் வால்வு கடுமையாகப் பழுதானது டாவியில் 1.5 சதவீதம், அறுவை வால்வில் 10. ஆனால் தங்கச்சியின் அப்பாவுக்கு 84 வயது வரும்போது இது நிஜக் கேள்வியாக இருக்கலாம். தோள்பட்டைத் தமனி, கழுத்துத் தமனி வழியாகவும் வால்வு வைக்கலாம்தான். சுண்ணாம்பை அதிர்வலையால் உடைக்கிற பலூனும் இருக்கு. இடதுக்கு ஸ்டென்ட் வைக்க முடிவெடுக்கும் நாளில், அடுத்த வால்வு அந்த வழியால் போக வேண்டி வரலாம் என்று சொல்லி, விட்டத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கோ. வால்வு டாக்டரும் கால் டாக்டரும் ஒரே நாளில் ஒரே படத்தைப் பார்த்தால் நல்லம்.

#14 பில்பார்ப்பவன்

சரி, வலது ஸ்டென்ட் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். ஆனால் மூன்றாம் பக்கத்து 70 சதவீதம்? அதற்குக் காசு கொடுத்தது நாம், ரிப்போர்ட் நம் பெயரில், விஷயம் மட்டும் நமக்குத் தெரியாது. மாமனாரின் ரிப்போர்ட்டை இன்று ராத்திரியே எடுத்துப் படிக்கப் போகிறேன்.

#15 கொங்குமகள்

கார்த்திகை வந்துவிட்டது, சுருக்கமாக ஒரு செய்தி. பத்து வாரம் நடை முடிந்தது. முதல் வாரம் தேர்முட்டி, நாலாம் வாரம் பால் பூத், இப்போது பள்ளிக்கூட மதில் வரை ஒரே ஒரு தடவை நின்று போகிறார். ரத்தநாள மருத்துவரிடம் போனோம், வால்வு டாக்டரையும் போனில் பிடித்து இருவரையும் பேச வைத்தேன். இடதுக்கு இப்போது எதுவும் வேண்டாம் என்றார்கள். வலதுக்குப் பங்குனியில் அடுத்த டாப்ளர். ஸ்டென்ட் அட்டை கிடைக்கவில்லை. மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், மூன்று வாரமாகப் பதில் இல்லை. அதுவரை கேத்லேப்காரன் அண்ணா சொன்னபடி, வலது கவட்டு, 8க்கு 50 என்று அப்பாவின் பஸ் பாஸ் உறைக்குள் நானே எழுதி வைத்திருக்கிறேன்.